பூட்டி வைத்த பணமும் புகைந்த மோட்டாரும்

கார்த்திகை ஆறாம் தேதி, காலை ஒன்பது மணி பதினேழு நிமிடம். மலை உச்சியில் மேகம், கீழே தூறல். வேங்கிக்காலில் என் வீட்டு போர்வெல் மோட்டார் புகைந்து உயிரை விட்டது. தீபத்துக்கு இரண்டே நாள். தீபம் பார்க்க வந்து தங்கப்போகிற உறவினர்கள் பத்தொன்பது பேர்.

மெக்கானிக் முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு கேட்டார். வங்கியில் இருந்தது ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பத்து. பல்கலைக்கழக நிதிப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் மற்றவர்கள் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தவனின் கையிருப்பு இது!

தப்பு என்னுடையதுதான். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு பங்கை, காப்பீட்டு நிறுவனம் மாதாமாதம் பென்ஷன் தரும் திட்டத்தில் போட்டே ஆகவேண்டும். மீதியைக் கையில் வாங்கிக்கொள்ளலாம்.

"கொஞ்சம் கையில வெச்சுக்கங்க" என்றாள் என் மனைவி சரோஜா.

கையில் இருந்தால் அவள் தம்பி ஏழுமலை கடன் கேட்பான். (ஒருமுறை டிராக்டருக்குக் கேட்டிருக்கிறான்.) அதனால் முழுவதையும் திட்டத்திலேயே போட்டேன். "பூட்டிட்டேன்பா, நானே நெனச்சாலும் எடுக்க முடியாது" என்று அவனிடம் பெருமையும் அடித்தேன். சொன்னது சத்தியம் என்று மோட்டார் புகைந்த அன்றுதான் தெரிந்தது.

காப்பீட்டு அலுவலகத்துப் பெண் பொறுமையாகச் சொன்னாள்: "மாசாமாசம் வரும் சார். மொத்தமா எடுக்க முடியாது."

"என் பணம்மா!"

"உங்களுதுதான் சார்."

"மொத்தமா எப்பத்தான் வரும்?"

"நீங்க இறந்துட்டா, நாமினிக்கு வரும்."

என்ன அநியாயம்! என் பணம் வெளியே வர நான் உள்ளே போகவேண்டுமாம்! வீட்டுக்கு வந்து கத்தினேன். நாமினி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தீபத்துக்குள்ள ஆவாதே" என்றாள்.

பிறகு தம்பிக்குப் போன் போட்டாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் பணத்தோடு வந்துவிட்டான் ஏழுமலை. வாங்கி இரண்டு முறை எண்ணினேன். தீபத்தன்று, பத்தொன்பது பேர் முன்னால், எப்படித் திருப்பித் தருவது என்று கேட்டேன்.

"மாசாமாசம் ஆயிரம் குடுங்க மாமா. மொத்தமா குடுத்தா வாங்க மாட்டேன். நான் செத்துட்டா அக்காதான் நாமினி."

வீடே சிரித்தது. இன்றும் ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் வாசலில் நின்று, "மாமா, என் பென்ஷன் வந்துச்சா?" என்கிறான்.

மோட்டார் முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு, இடையில் தண்ணீர் லாரி ஆயிரத்து இருநூறு, காப்பீட்டு அலுவலகத்துக்குப் போக வர ஆட்டோ நூற்று நாற்பது. மானத்தைச் சேர்க்காமல், முப்பத்தொன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்.