உப்புத் தண்ணிக்குத் தாங்குற ரீல்

தமிழ்நாட்டிலேயே கடலோடு தீராத பகை வைத்திருந்த மனிதர், கடலைப் பார்க்க ஒரு நாள் முழுக்க லாரியில் போக வேண்டிய பள்ளிபாளையத்தில்தான் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்திருக்கும். ஊருக்கு அவர் ரீல்காரர்.

எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே ஒரு நூல் கடையில் குமாஸ்தா. எதிரே அவருடைய லேத் பட்டறை. விசைத்தறிக்குப் பல்சக்கரம் கடைந்து கொடுப்பார். தறியே தேய்ந்தாலும் அவர் கடைந்த பல் தேயாது. ஆனால் மனசு முழுக்க தூத்துக்குடியில் கிடந்தது. இளவயதில் அங்கே வேலை பார்த்தபோது, கப்பல்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கிய தூண்டில் ரீலில் ஒரு பாரை மீன் மாட்டியதாம். பாதி தூரம் இழுத்துக்கொண்டு வந்த பிறகு, உள்ளே உப்பேறியிருந்த ரீல் கரகரவென்று இறுகி நின்றுவிட்டதாம். தூண்டிலின் நைலான் நரம்பை அறுத்துக்கொண்டு மீன் போய்விட்டது.

"மீனு ஏமாத்துனா பரவால்லீங்க. ரீலு ஏமாத்திப் போடுச்சு!" என்பார்.

டீக்கடையில் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்தப் பாரை ஒரு சாண் வளர்ந்தது. "ரீல் விடாதீங்கண்ணா" என்று முதலில் சொன்னவன் நான்தான். பேர் ஒட்டிக்கொண்டது.

உப்புக்கு அசையாத ஒரு ரீலைத் தேடிப் பிடித்து, அதே கரையில் ஒரு பாரையை இழுத்துப் போட்டு ஊர் வாயை அடைக்க வேண்டும். இதுதான் அவருடைய ஒரே லட்சியம். "காவேரிதான் பக்கத்துலயே ஓடுதுங்களே?" என்று கேட்டால் கோபம் வந்துவிடும்.

"ஆத்துத் தண்ணி சாதுங்க. அது ரீல ஒண்ணும் பண்ணாது. அப்பறம், புழுவக் கோத்துட்டுக் கொட்டாவி உடற வேலையுமில்ல இது. ஈயத்துல மீனாட்டம் வார்த்து, கரையில நின்னு தூரமா வீசி, வெடுக் வெடுக்குனு வெட்டி இழுக்கோணும். சொத்தை ரீலெல்லாம் ஒரே வாரத்துல பல்ல இளிச்சுப் போடும்."

பம்பாய் போகும் லாரி டிரைவர் ஒருவரிடம், அந்த வகைத் தூண்டில் ரீலுக்கு இங்கிலீஷ் பேர் போட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்: 'ஸ்பின்னிங் ரீல் ஒன்று. உப்புத் தண்ணிக்குத் தாங்க வேண்டும்.' இரண்டு வாரம் கழித்து டிரைவர் பெருமையோடு இறக்கி வைத்தது, தலையணை அளவுக்கு ஒரு நூல் உருளை!

"என்னுங்க இது?" ரீல்காரர் உருளையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"நீங்க எழுதுனதுதானுங்க. ஸ்பின்னிங்னா நூல் மில்லு. உப்புத் தண்ணின்னா, சாயம் புடிக்க உப்புக் கலக்கற சாயப்பட்டறை. சாயத் தொட்டியிலயே கெடந்தாலும் ஒண்ணும் ஆகாதுன்னு கடைக்காரன் சத்தியம் பண்ணானுங்க!"

டிரைவர் மேல் தப்பே இல்லை. எங்கள் ஊரில் அந்தச் சீட்டுக்கு வேறு அர்த்தம் கிடையாது.

அதற்குப் பிறகு சீட்டில் படம் வரைந்து கொடுத்தார். மெட்ராஸிலிருந்தும் கொச்சியிலிருந்தும் ரீல்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பரீட்சை உண்டு. முதலில் கண்ணை மூடிக்கொண்டு, காதோரம் வைத்துச் சுற்றுவார். உள்ளே பல் பித்தளையா, மட்ட வார்ப்பா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார். அடுத்தது, மனைவியின் ஊறுகாய் ஜாடியில் நாற்பது நாள் உப்புத் தண்ணீர் வாசம். ஒருநாள் விருந்துக்கு வந்த சம்பந்தியம்மா மாங்காய்க்காகக் கையை விட்டு, கைப்பிடியோடு ஒரு ரீலை எடுத்துவிட்டார்.

"ஏனுங்க, ஊட்டுக்கு வந்தவங்களுக்கு இரும்பையா போடறது?" என்று மனைவி அழாத குறை.

"இரும்பு இல்லீங்க, பாருங்க, துருவே இல்ல!" என்று இவர் குதித்தார்.

கடைசிப் பரீட்சை பிரேக்குக்கு. நின்றிருந்த லாரியின் பின்னால் நரம்பைக் கட்டி, பெரிய மீன் இழுத்தால் ரீல் சீராக விட்டுக் கொடுக்கிறதா என்று கையால் இழுத்துப் பார்ப்பார். ஒருநாள் இது தெரியாமல் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். ரீல்காரர் தூண்டில் கம்போடு திருச்செங்கோடு ரோட்டில் ஓடியதைப் பார்க்காதவர்கள் துரதிர்ஷ்டசாலிகள். மூச்சிரைக்கத் திரும்பி வந்து சொன்னார்: "பிரேக்கு அருமைங்க!"

அந்த ரீல்தான் தேறியது. நாற்பது நாள் ஜாடியில் கிடந்த பிறகும், சுற்றினால் எண்ணெயில் உருள்வது போல ஓடியது. துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குப் புறப்பட்டார். மூன்றாம் நாள் காலையில், ஈய மீனை வீசி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சிலையாகி நின்றார். கம்பு வளைந்தது. ரீல் கிர்ரென்று நரம்பை விட்டது, அவர் சுற்றினார், மறுபடி விட்டது. அரை மணி நேரம் அவர் மீனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ரீலிடம்தான் பேசினார்.

"நின்னுறாதே சாமி... நின்னுறாதே..."

நிற்கவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி அந்தப் பாரையை இரண்டு கையாலும் தூக்கி வந்தவன் நான். அவர் மணலில் உட்கார்ந்து, மீனைப் பார்க்காமல், ரீலை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

பள்ளிபாளையம் சாயப்பட்டறைக்கு உப்பேற்றிய ஒரு தூத்துக்குடி லாரியில் திரும்பினோம். மீனைச் சாக்கில் ஐஸ் போட்டுக் கட்டியிருந்தோம். திண்டுக்கல் தாண்டி ஆக்சில் உடைந்து, ஒரு பகல் முழுக்க வெயிலில் நின்றோம். ஐஸ் கரைந்தது. உப்பில் புதைக்கலாம் என்றால், "சாயத்துக்குப் போற உப்புல மீனைப் போட்டா என் வேலை போயிரும்" என்று டிரைவர் மறுத்துவிட்டார். வாடை தாங்காமல் ரோட்டோரம் குழி தோண்டிப் புதைத்தோம்.

"வாலையாவது அறுத்து எடுத்துக்கலாங்கண்ணா," என்றேன்.

"எதுக்கு சாமி? அதான் நீ பாத்தயில்ல. ஒரு சாட்சி போதும்."

மறுநாள் டீக்கடையில் அவர் எழுந்து நின்று, கையை விரித்து அளவு காட்டிச் சொல்லி முடித்தார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நாக்கு நுனிக்கு வந்த கிண்டலை விழுங்கத் தெரியாத வயது எனக்கு.

"மீன் எங்கீங்க? நான் ரீலத்தான் பாத்தேன்!" என்றேன்.

கடை அதிரச் சிரித்தார்கள். அவரும்தான் சிரித்தார். டீயைக் குடித்துவிட்டுப் பட்டறைக்குப் போனார்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வேலை கிடைத்து நான் கிளம்பிய அன்று, பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஒரு துணிப்பையைக் கொடுத்தார். உள்ளே அந்த ரீல். "மாசத்துக்கு ஒருக்கா சுத்தி வெய்யி சாமி. சும்மா கெடந்தாத்தான் கெட்டுப் போகும்." மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. அடுத்த முறை நான் ஊருக்குப் போனபோது, கேட்க அவர் உயிரோடு இல்லை.

இன்றும் மாதம் ஒருமுறை சுற்றுகிறேன். எண்ணெயில் உருள்வது போலத்தான் ஓடுகிறது. அன்று டீக்கடையில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள்: ரீல்காரர் அன்று கையை விரித்துக் காட்டிய அளவு தப்பு. தூக்கியவன் சொல்கிறேன், மீன் அதைவிட ஒரு சாண் பெரிசு.