செத்தவர்களுக்கு இருமல் மிட்டாய்

இருமலுக்கு இவ்வளவு மரியாதை வரும் என்று யாரும் நினைத்ததில்லை. பஸ்ஸில் ஒருவர் இருமினால் பக்கத்துச் சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார். அதே மனிதர் செவ்வாய்க்கிழமை காலையில் குளித்து, தலைவாரி, டோக்கன் வாங்கி, பழைய டயர் கிடங்கின் வாசலில் மூன்று மணி நேரம் கால் கடுக்க நிற்பார். எதற்கு? இருமலைக் கேட்பதற்கு. அதுவும் செத்துப்போனவர்களின் இருமலை.

கிடங்குக்கு இப்போது மண்டபம் என்று பெயர். நடத்துபவர் இருமலய்யா. அதற்கு முன்பு அவர் என்ன தொழில் செய்தார் என்பதற்கு நான்கு கதைகள் உலவின. நான்கிலும் அவர் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைக் காலி செய்திருந்தார். மேடையில் ஆள் உயரத்துக்கு ஒரு செம்புப் பானை. அதன் கழுத்திலிருந்து தரைவரை சிவப்புத் துணி. பின்னால் கறுப்புத் திரை. நம்பர் வந்ததும் மேலே ஏறி, போனவர் யார், என்ன உறவு, எப்படிப் போனார் என்று மைக்கில் சொல்ல வேண்டும். அய்யா பானையைத் தொட்டுக் கண்ணை மூடுவார். பானை இருமும்.

அவ்வளவுதான் வித்தை. அதற்கே ஜனங்கள் உருகினார்கள். நுரையீரல் புற்றுநோயில் கணவனைப் பறிகொடுத்த பிளவுஸ் தைக்கிற அக்கா, அவரேதான், இப்படித்தான் இருமுவார் என்று மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு மருமகளுக்கு இருமலிலேயே மாமியாரின் அதிகாரம் தெரிந்தது. மாரடைப்பில் போனவர்களும் இருமினார்கள். கிணற்றில் விழுந்தவரும் இருமினார். அது எப்படி என்று ரிட்டயரான கணக்கு வாத்தியார் ஒருவர் கேட்டார். மேலுலகத்தில் குளிர் அதிகம் என்று அய்யா பதில் சொன்னார். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளின் காதைத் திருகி யோசிக்கச் சொன்ன வாத்தியார், அடுத்த வாரம் ஒரு கம்பளி மப்ளரோடு வந்து பானையின் கழுத்தில் சுற்றிவிட்டுப் போனார்.

வாசலில் இருமல் மிட்டாய் விற்றார்கள். பானைக்குள் போட்டால் போனவர்களுக்குத் தொண்டை இதமாக இருக்குமாம். சாயங்காலம் பானையைக் கவிழ்த்தால் அத்தனை மிட்டாயும் அடுத்த வார விற்பனைக்குத் தயார். இன்னொரு சட்டமும் உண்டு: உயிரோடு இருப்பவர்கள் மண்டபத்துக்குள் இருமக்கூடாது, செத்தவர்கள் குழம்பிவிடுவார்கள். இதற்கும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

இந்தக் கூட்டத்தில்தான் மெஷின்காரர் வந்து மாட்டிக்கொண்டார். தையல் மெஷின் ரிப்பேர் அவர் தொழில். அவர் வந்தது மகளுக்காக.

மனைவி போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. நுரையீரலில் புற்று. மகளுக்கு வெளியூரில் அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. பாவம், நிம்மதியாக வேலையில் சேரட்டும், எதுவும் சொல்லாதீர்கள் என்று மனைவி சத்தியம் வாங்கிக்கொண்டாள். மெஷின்காரர் வாயை மூடிக்கொண்டார். நோய் அவர்கள் கணக்குப் போட்டதைவிட வேகமாக ஓடிவிட்டது. மகள் வந்து சேர்ந்தபோது அம்மாவின் கட்டில் காலியாக இருந்தது.

அன்றிலிருந்து அவள் அப்பாவோடு பேசுவதில்லை. சோறு போடுவாள், துணி மடித்து வைப்பாள், பேச்சு மட்டும் கிடையாது. வேலையையும் விட்டுவிட்டாள். பேசுவதெல்லாம் செவ்வாய்க்கிழமை பானையோடுதான். பானை இருமும், இவள் மன்னிச்சுடும்மா என்று அழுவாள். மகள் மனசில் குற்ற உணர்வு தீரும்வரை அம்மாவுக்கு இருமல் நிற்காது, இன்னும் பதினோரு அமர்வு வேண்டும் என்று அய்யா சொல்லிவிட்டார். பெண் நாளுக்கு நாள் துரும்பாகிக்கொண்டிருந்தாள். மனைவியைத்தான் பிடித்து வைக்க முடியவில்லை, மகளையும் இந்தப் பானைக்குக் கொடுத்துவிடுவோமோ என்று பயந்து ஒரு செவ்வாய்க்கிழமை மெஷின்காரரும் மண்டபத்துக்குக் கிளம்பினார்.

முதல் நாள் வரிசையில் நின்றபோது அவர் ஒன்றைக் கவனித்தார். முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் ஸ்டூல் கொடுத்தார்கள். கீமோ வார்டில் பட்ட பாட்டையும், தலைமுடி கொட்டியதையும், கடைசியாகக் கேட்ட ஐஸ்கிரீமை வாங்கித் தராமல் போனதையும் சொல்லி, அழுது, மூக்கைச் சிந்திக்கொண்டார்கள். பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிடும். பேர் மட்டும் பானைக்கு.

உள்ளே போய் உட்கார்ந்தார். செத்தவர்கள் ஏழு பேர் இருமினார்கள். ஏழு இருமலிலும் முடிவில் ஒரு சின்ன விசில் கேட்டது. ஏழு மெஷினில் ஒரே சத்தம் வராது. ஒரே சத்தம் வந்தால் ஒரே மெஷின்தான். இருபது வயதிலிருந்து அவர் காது அதற்குத்தான் பழகியிருக்கிறது.

எட்டாவதாக மகளின் முறை. பானை அடித்தொண்டையிலிருந்து இருமியது. மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். மெஷின்காரர் எழுந்து நின்றார்.

"அம்மா ஒரு நாள்கூட இருமினது இல்லம்மா. தோள்பட்டை வலின்னுதான் ஆரம்பிச்சுது. மூணு மாசம் தைலம் தேச்சுக்கிட்டு இருந்தோம். டாக்டரே ஆச்சரியப்பட்டாரு."

மண்டபம் ஒரு நொடி யோசித்தது. ஒரு நொடிதான். அய்யா மைக்கை எடுத்தார். உயிரோடு இருந்தபோது உங்களுக்காக அடக்கிவைத்த இருமலையெல்லாம் அம்மையார் இப்போதுதான் வெளியே விடுகிறார் என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகள் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். வாசற்படியில் நின்று சொன்னாள்: "கடைசியில அம்மாவ என் கண்ணுல காட்டல. இப்ப சத்தத்தையும் புடுங்குறீங்க. உங்களுக்கு என்னதான்பா வேணும்?"

அதற்கான பதிலை அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு சாக்குப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார். தனி டோக்கன், தனி வரிசை. மகள் முன்பே போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

மேடையில் ஏறி மைக்கில் சொன்னார்: "முப்பத்தோரு வருஷம் என்கூட இருந்தது. ஓயாம உழைச்சுது. போன மாசம் கழுத்துல கோளாறு வந்து அப்படியே நின்னு போச்சு."

கூட்டம் உச்சுக்கொட்டியது. அய்யா பானையைத் தொட்டார். பானை, பாவம், குடலே வெளியே வருகிற மாதிரி இருமியது.

"உங்களை மன்னிச்சுட்டாங்க. ஒரு பூந்தோட்டத்துல, வெளிச்சமான எடத்துல உட்கார்ந்திருக்காங்க" என்றார் அய்யா.

மெஷின்காரர் பையை அவிழ்த்து, ஒரு பழைய தையல் மெஷினின் இரும்புத் தலையைத் தூக்கி மேடையில் வைத்தார்.

"இங்கதான் இருக்கு. நூல் சுத்தற பாபின் மட்டும் காணோம். அதுவேணா தோட்டத்துக்குப் போயிருக்கும்."

சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. வாத்தியார் எழுந்து, இரும்புக்கு உயிர் இல்லை என்று யார் சொன்னது என்று கேட்டார். நாலைந்து தலைகள் ஆடின. மெஷினுக்கும் இரண்டு மிட்டாய் போடலாமா என்று ஓர் அம்மாள் பர்ஸைத் திறந்தாள்.

வாய்ப்பேச்சு இவர்களிடம் வேலைக்கு ஆகாது என்று மெஷின்காரருக்குப் புரிந்தது. பானையின் சிவப்புத் துணியைப் பிடித்து இழுத்தார். உள்ளே பச்சை நிறத்தில் ஒரு ஹோஸ் பைப். பானையின் அடியில் செருகியிருந்த அது திரைக்குப் பின்னால் போயிற்று. குனிந்து அதை இரண்டாக மடித்து அழுத்திப் பிடித்தார்.

பானை வாயடைத்துப் போனது. இருமல் மட்டும் நிற்கவில்லை. அது இப்போது திரைக்குப் பின்னாலிருந்து வந்தது.

அய்யா திரைப் பக்கம் வாயைத் திருப்பி, "போதும், நிறுத்துடா" என்று கிசுகிசுத்தார். கையில் மைக் இருந்ததை மறந்துவிட்டார். கிடங்கு முழுவதும் எதிரொலித்தது. அப்போதும் இருமல் நிற்கவில்லை.

திரையை விலக்கியது மகள்தான். அங்கே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில், எலும்பும் தோலுமாக ஓர் ஆள், குழாய்முனையைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தான். மடியிலிருந்த துண்டில் ரத்தம் திட்டுத்திட்டாக இருந்தது.

மகள் தன் பாட்டிலைத் திறந்து அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள்.

"ஆறு மாசமா. இருமறவன எவனும் வேலைக்குச் சேக்க மாட்டேங்கறான். இவர் ஒருத்தர்தான் இருமலுக்கே சம்பளம் குடுத்தாரு. மருந்து மட்டும் குடிக்கக் கூடாதுன்னாரு."

எல்லோரும் திரும்பிப் பார்ப்பதற்குள் அய்யா பக்கத்துக் கதவு வழியாக நழுவப் பார்த்தார். பிளவுஸ் அக்கா கதவை மறித்துக்கொண்டு நின்றாள்; அளவெடுக்கிற டேப்பாலேயே அவர் கையைக் கட்டினாள். போலீஸ் வரும்வரை வாத்தியார் காவல். இன்னொரு அம்மாள் மட்டும் மெதுவாக அந்த ஆளிடம் வந்து, கிளம்புவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை தன் வீட்டுக்காரர் மாதிரி இருமிக் காட்ட முடியுமா என்று கேட்டாள். இவர்களை என்ன செய்வது?

அவனை ஆட்டோவில் ஏற்றி அப்பாவும் மகளும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். எக்ஸ்ரே அறைக்கு வெளியே நீளமான பெஞ்ச். அதே பெஞ்சில்தான் முன்பு மெஷின்காரர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மாவுக்கு வலித்ததா என்று கேட்டாள்.

வலித்தது என்றார். மறைத்தது தப்பு, சத்தியத்தைவிட நீ பெரிசு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை என்றார். பிறகு ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னார்: தைலம், ஸ்கேன், கடைசி வாரம் மகளின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தது. மகள் இடையிடையே கேள்வி கேட்டாள், அழுதாள், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எந்தப் பானையும் இதைச் சொல்லியிருக்காது.

டாக்டர் வந்து, நுரையீரலில் நிழல் தெரிகிறது, வைத்தியம் பார்க்கலாம், ஆனால் ஆறு மாதம் முன்பே வந்திருக்க வேண்டும் என்றார். இவ்வளவு பெரிய இருமல், ஒருத்தர் காதிலும் விழவில்லையா என்று கேட்டார்.

விழுந்தது டாக்டர். வாரா வாரம் நானூறு பேர் காதில் விழுந்தது. இந்த இருமலை வீட்டிலேயே கேட்டுக் கேட்டு, அது எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்த்தவர்கள் அவர்களில் பாதிப் பேர். கைகூப்பி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். செத்தவர்களுக்கு மிட்டாய் வாங்கினார்கள். செத்துக்கொண்டிருந்தவனுக்கு அன்றுவரை ஒருவரும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. இதைப் படிக்கிற நீங்களும் அவர்களில் ஒருவராக இருந்தால், கண்ணைத் திறங்கள். அதற்கு டோக்கன் கிடையாது.