மிதிகிழவியும் கட்டைவிரலும்

அந்த வருஷம் பெத்ரா மான்சாவில் யாரும் வீட்டில் தூங்கவில்லை. தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சர்ச்சுக்கு முன்னால் இருக்கும் மைதானத்துக்கு வந்து, வரிசையில் நின்று, பணம் கொடுத்துத் தூங்கினார்கள். பிரேசில் தேசத்தில் தூக்கத்துக்கு டிக்கெட் வாங்கிய ஒரே ஊர் எங்களுடையதுதான். மைதானத்துக்கு எதிரில்தான் என் ரொட்டிக்கடை. மூடநம்பிக்கைக்குப் பசி அதிகம் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். காலையில் சுட்ட பாலாடைக்கட்டி உருண்டை, காப்பி ஆறுவதற்குள் காலியாகிவிடும்.

இத்தனைக்கும் காரணம் மேஸ்திரி ஒதுவால்டோ. கட்டட மேஸ்திரி அல்ல, எங்கள் பக்கம் மந்திரம் போடுகிறவருக்கும் அதுதான் பட்டம். வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் செருப்பு. மீசை மட்டும் கறுப்பு, அதுவும் சாயம்.

மிதிகிழவியைத் தெரியாதவர் எங்கள் மலைப்பக்கம் கிடையாது. கூரைமேல் குந்தியிருப்பாள். எலும்பும் தோலுமாக இருப்பாள். வயிறு முட்டத் தின்றுவிட்டு மல்லாந்து படுத்தவனைக் கண்டால் இறங்கிவந்து நெஞ்சின்மேல் ஏறி அமுக்குவாள். அவனுக்குக் கண் திறந்திருக்கும், கை அசையாது. கத்தப் பார்ப்பான், குரல் வராது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இந்த அனுபவம் உண்டு. மீதிப் பாதி, தங்களுக்கும் உண்டு என்று கௌரவத்துக்காகச் சொல்லிக்கொள்வார்கள்.

மேஸ்திரி அந்தக் கிழவியைப் பிடிப்பவர். மைதானத்தில் இரண்டு தூளிகள் தொங்கும். ஒன்றில் நீங்கள், மற்றதில் அவர். இருவர் கால் கட்டைவிரலையும் ஒரு சிவப்புக் கயிறு இணைக்கும். அவர் கண்ணை மூடிக் குறட்டை விடுவார். கயிற்றின் வழியே உங்கள் கனவுக்குள் போய்க் கிழவியோடு கட்டிப்புரண்டு, சிண்டைப் பிடித்து வெளியே இழுத்துப் போடுவார். எழும்போது அவர் கைப்பிடியில் நரைமுடி ஒரு கொத்து இருக்கும்.

"இந்தா பாருங்க, கிழவியோட முடி!"

கூட்டம் சிலுவை போட்டுக்கொள்ளும். ஒரு நாளைக்கு இருபது பேருக்கு இருபது கொத்து. கிழவி தலையில் இன்னும் மிச்சம் இருந்ததுதான் உண்மையான அற்புதம். அதை யாரும் கவனிக்கவில்லை.

கவனித்தவள் ஒருத்தி. டாக்டர் ஜாந்திரா. எங்கள் ஊர்த் தையல்காரர் மகள். நகரத்தில் கல்லூரி விடுதியில் படித்தபோது ஒருநாள் விடிகாலையில் அவளையும் கிழவி மிதித்திருக்கிறாள். நெஞ்சின்மேல் கறுப்பாக ஏதோ உட்கார்ந்திருப்பதைத் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். வேறொருத்தியாக இருந்தால் மெழுகுவத்தி ஏற்றியிருப்பாள். ஜாந்திராவுக்குத் தோன்றியது ஒரே கேள்வி: "நான் இருக்கறது ஆறாவது மாடி. லிஃப்ட்டும் ரிப்பேர். கிழவி எப்படி ஏறி வந்தா?"

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. மூளையைப் படித்தாள். முதலில் எலிகளின் தூக்கம், அப்புறம் மனிதர்களின் தூக்கம். தலையில் கம்பிகளை ஒட்டி, அவர்கள் தூங்க இவள் விழித்திருந்து, முப்பது வருஷம். "மத்தவன் தூங்குறதப் பாத்தே சம்பளம் வாங்குறா, குடுத்து வெச்சவ!" என்று ஊரில் கேலி பேசினார்கள். அவள் கண்டதும், அவளைப் போன்றவர்கள் உலகெங்கும் கண்டதும் இதுதான்: கனவு ஓடும்போது மூளை உடம்பைப் பூட்டிவைக்கிறது. பூட்டாவிட்டால் கனவில் பந்தை உதைக்கிறவன் பக்கத்தில் படுத்திருக்கும் பெண்டாட்டியை உதைப்பான். சில சமயம் பூட்டு திறப்பதற்கு முன்பே மனம் விழித்துக்கொள்கிறது. அந்தச் சில நொடிப் பயத்துக்கு நாங்கள் வைத்த பேர் கிழவி.

முடி நரைத்த வயதில் ஊருக்குத் திரும்பி, சுகாதார நிலையத்தில் தூக்கத்துக்கென்று ஒரு சிகிச்சை அறை திறந்தாள். அங்கே கூட்டம் இல்லை. அங்கே கயிறும் இல்லை, முடியும் இல்லை, யார் போவார்கள்?

போனவர்களில் ஒருவன் பஸ் டிரைவர் ஜில்வான். ஆள் பீப்பாய். அவன் குறட்டையில் ஓடு அதிரும். தூக்கத்தில் மூச்சு நின்றுநின்று வருகிற வியாதி என்று ஜாந்திரா கண்டுபிடித்து, மூக்கில் காற்று ஊதும் ஒரு கருவி கொடுத்தாள். நன்றாகத்தான் தூங்கினான், மேஸ்திரி அந்தக் கருவியைப் பார்க்கும்வரை.

"அடப்பாவி! இந்தக் குழாய் வழியாத்தானே கிழவி உள்ள வர்றா! நீயே அவளுக்குப் படி கட்டி வெச்சிருக்கியே!"

கருவி கோழிக்கூண்டுக்குப் போயிற்று. ஜில்வானுக்கு மறுபடியும் பகலெல்லாம் கண் சொருகியது. ஒரு சனிக்கிழமை பஸ்ஸோடு மைதானத்துக்குள் புகுந்து, பாண்டு மேடையில் ஏறி, டூபா என்ற ஆளுயரப் பித்தளை ஊதுகுழலை அப்பளமாக்கிவிட்டுத்தான் விழித்தான். வாசிக்கிறவர் ஒண்ணுக்குப் போயிருந்ததால் பிழைத்தார். பஸ்ஸில் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய பிள்ளைகள். ஒரு பிள்ளைக்குக் கை முறிந்தது.

மேஸ்திரி ஓடிவந்து பார்த்தார். "பாத்தீங்களா! கிழவி ஸ்டியரிங்ல வந்து உக்காந்துட்டா! நாளைக்கே பெரிய பூஜை. கட்டணம் ரெண்டு மடங்கு, ஏன்னா இப்ப அவளுக்கு வண்டி ஓட்டவும் தெரியும்."

அழுதுகொண்டு நின்றாள் ஜில்வானின் மனைவி மார்லூசியா. ஜாந்திரா பிள்ளையின் கைக்குக் கட்டுப் போட்டுவிட்டு, கோட்டில் ரத்தத்தோடு நேரே மேஸ்திரியிடம் வந்தாள்.

"நாளைக்கு நானும் வர்றேன். நீங்க கனவுக்குள்ள போறப்போ உங்க தலையில நாலு கம்பி மட்டும் ஒட்டிப் பாக்கறேன்."

"ஐயையோ! கம்பி பட்டா கிழவிக்கு ஷாக் அடிச்சுடும். செத்துட்டா கொலைக் கேஸ் என் மேலல்லவா வரும்!"

"சரி, கம்பி வேணாம். பக்கத்துல நின்னு பாக்கலாமா?"

"தாராளமா," என்றார் மேஸ்திரி. பெரிய டாக்டரே பார்க்க வருகிறாள் என்றால் கட்டணத்தை மூன்று மடங்காக்கலாமே!

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் மைதானம் நிரம்பியது. நான் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். ஜில்வான் தூளியில் விழுந்தான். விழுந்த வேகத்திலேயே தூங்கினான். மேஸ்திரி கயிற்றைக் கட்டிக்கொண்டு படுத்து, கண்ணை மூடி, அழகாக, சுருதி பிசகாமல் குறட்டை விட்டார். கொஞ்ச நேரம் போனதும், "கிழவி, விடுடி அவனை!" என்று முனகினார்.

ஜாந்திரா இரண்டு தூளிக்கும் நடுவில் நின்று, கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் பேசினாள்.

"முப்பது வருஷமா தூக்கத்தப் பத்திதான் படிக்கிறேன். ஒருத்தர் நெசமாவே கனவுக்குள்ள போய்ட்டார்னா ஒரு அடையாளம் இருக்கு. இடது கால் கட்டைவிரல் தானா ஆடும்."

மேஸ்திரியின் இடது கால் கட்டைவிரல் ஆடியது.

"ஓ!" என்றது கூட்டம்.

"இன்னும் ஆழமாப் போனா மூக்கு மேலயும் கீழயும் சுருங்கும். முயல் மாதிரி."

மேஸ்திரி முயலானார். பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"கிழவியையே நேருக்கு நேர் பாத்துட்டாருன்னா," ஜாந்திரா முகத்தில் சிரிப்பே இல்லை, "தூக்கத்துலயே கோழி மாதிரி கொக்கரிப்பாரு. ஆனா அது ரொம்ப அபூர்வம். அவ்வளவு பெரிய ஆளுங்க உலகத்துலயே ரெண்டு பேருதான்."

மேஸ்திரி தயங்கினார். சாயம் பூசிய மீசை துடித்தது. மானம் ஒரு பக்கம், உலகத்தில் மூன்றாவது ஆள் என்ற பட்டம் ஒரு பக்கம்.

"கொக்... கொக்கொக்... கொக்கரக்கோ!"

மைதானமே மண்டியிட்டது. ஜாந்திரா கையை உயர்த்தினாள்.

"எந்திரிங்க. நான் சொன்னது அத்தனையும் பொய். இப்பத்தான், இங்க நின்னுக்கிட்டே கட்டினேன். கனவு காணுறப்போ ஒடம்பு பூட்டிக் கெடக்கும். காதுல சொன்னதக் கேட்டுக் கட்டைவிரல ஆட்ட முடியாது. இவரு முழிச்சிருக்காரு. நெசத் தூக்கம் பாக்கணும்னா இந்தப் பக்கம் வாங்க."

ஜில்வானைக் காட்டினாள். வாய் பிளந்து கிடந்தான். குறட்டை இடி மாதிரி வந்தது. திடீரென்று நின்றது. குறட்டை மட்டுமல்ல, மூச்சும். நெஞ்சு எக்குகிறது, காற்று போகவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. மார்லூசியா அவன் முகத்தருகே குனிந்து, தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்களும்தான். அப்புறம் நீரிலிருந்து எழுந்தவன் மாதிரி "ஹக்" என்று இழுத்து, மறுபடி குறட்டை.

"பாத்தியா மார்லூசியா? இதுதான் உன் கிழவி. தொண்டையில இருக்கா. ராத்திரி பூரா இப்படி மூச்சு நின்னுநின்னு வந்தா மனுஷன் பகல்ல எப்படி முழிச்சிருப்பான்? நான் குடுத்த கருவி எங்க?"

"கோழிக்கூண்டுல, டாக்டரம்மா. அதுல ஒண்ணு அடை உக்காந்திருக்கு."

"கோழிக்கு மூச்சு நல்லாத்தான் வருது. உன் புருஷனுக்குக் கொண்டுவந்து மாட்டு."

மேஸ்திரியோ இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். வேறென்ன செய்வார்? எழுந்தால் மாட்டிக்கொள்வார். ஊரே சுற்றி நின்று உற்றுப் பார்க்க, கண்ணை இறுக்கிக்கொண்டு, சுருதி பிசகிய குறட்டை விட்டார். வியர்வை மட்டும் ஆறாக ஓடியது. மார்லூசியா அவர் கோட்டுக் கையை உதறினாள். நரைமுடிக் கொத்துகள் பொலபொலவென்று கொட்டின. கசாப்புக்காரர் ஒன்றைக் கையில் எடுத்து முகர்ந்தார்.

"ஆட்டுத்தாடி. அதான் நம்ம ஊர் கெடா எல்லாம் சவரம் பண்ணிக்கிட்டுத் திரியுதுங்க!"

மார்லூசியா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கத்தினாள்: "டாக்டரம்மா, இன்னொரு அடையாளமும் சொல்லுங்க! நெசமாத் தூங்குறவன் கை தானாப் பைக்குள்ள போயி, வாங்கின பணத்தையெல்லாம் வெளிய எடுத்து வைக்கும்னு சொல்லுங்க!"

மேஸ்திரி ஒரே துள்ளாகத் துள்ளி ஓடினார். பாவம், கட்டைவிரலில் கட்டிய கயிறு மறந்துபோயிற்று. மறுமுனையில் ஜில்வான், நூற்றுச்சொச்சம் கிலோ. மேஸ்திரி முகங்குப்புற விழ, ஜில்வான் ஒரு கண்ணைத் திறந்து, "கிழவியைப் பிடிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தான். போலீஸ்காரர் வந்து கயிற்றை அவிழ்க்கவில்லை. அதைப் பிடித்தபடியே மேஸ்திரியை ஸ்டேஷனுக்கு நடத்திப் போனார்.

கூட்டம் கைதட்டியது. ஆளாளுக்கு அவரை அப்போதே சந்தேகப்பட்டதாகச் சொன்னார்கள். ஒரு அம்மாள் ஜாந்திராவின் காலடியில் விழுந்து, அவள் கோட்டு நுனியை முத்தமிட்டாள்.

"தாயே! இனிமே நீதான் எங்களுக்கு மேஸ்திரி! நீ என்ன சொன்னாலும் நம்புறோம்!"

ஜாந்திரா கோட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மேஸ்திரியிடம்கூட வராத கோபம் அப்போதுதான் வந்தது.

"கட்டைவிரல் ஆடும்னேன். 'ஓ'ன்னீங்க. மூக்கு சுருங்கும்னேன். சிலுவை போட்டீங்க. கோழி மாதிரி கொக்கரிப்பாருன்னேன். மண்டி போட்டீங்க! இத்தன பேர்ல ஒருத்தராவது, 'அது ஒனக்கு எப்படிடி தெரியும்?'னு கேட்டீங்களா?"

ஜில்வானின் குறட்டை மட்டும் கேட்டது. அந்த மைதானத்தில் மேஸ்திரி ஒருவர்தான் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருந்தார். நாங்கள் இத்தனை பேரும் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியிருக்கிறோம். அதற்கு டாக்டர் எந்தக் கருவியைக் கொடுப்பாள்? அவரவர் தலைக்குள் ஒன்று இருக்கிறது. எடுத்து மாட்டத்தான் ஆள் இல்லை.