உன் அக்காவின் பாடத்தைக் கேட்க வேறு ஆள் பார்

அறிவும் அடக்கமும் நிறைந்த மைத்துனர் பேராசிரியர் அவர்களுக்கு,

அத்தான் எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் தையல் மெஷினும் ஏதோ நலம். உங்கள் அக்கா மிகமிக நலம், பிரச்சினையே அதுதான். அங்கு தாங்களும் தங்கள் துணைவியாரும் பிள்ளைகளும் நலமாகவே இருப்பீர்கள். அடுத்த வீட்டில் கொளுத்திப் போட்டவர்களுக்கு என்ன குறை?

மரியாதை இத்தோடு போதும். என் கல்யாணத்தின்போது உனக்குப் பத்து வயது. மெஷின் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வார் அறுத்தவன் நீ. உன்னை நீங்கள் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசலாம் என்றால் கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே கதவுதான். நான் இங்கே தும்மினால் உன் அக்கா அங்கே திரும்பிப் பார்ப்பாள். அதனால்தான் கடிதம்.

மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு, நாற்பத்தாறு வயதில், உன் அக்கா கல்லூரியில் உடலியல் படிக்கச் சேர்ந்தாள். நான் தடுத்தேனா? புத்தகப் பையை நானே தைத்தேன், பேனாவுக்குத் தனிப் பாக்கெட் வைத்து. முதல் மூன்று மாதம் வீடு கோயில் மாதிரி அமைதி. புத்தகத்தை வரி விடாமல் நோட்டில் நகலெடுப்பாள், முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் பூசுவாள். முக்கியமில்லாத வரி என்று ஒன்றுகூட அவள் கண்ணில் படாததால் நோட்டுக்கே மஞ்சள் காமாலை வந்ததுபோல் ஆயிற்று. தேர்வில் ஐம்பதுக்குப் பதினொன்று. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்; வாளி நிரம்பித் தண்ணீர் கடை வாசல்வரை வந்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. “என் மூளை துருப்பிடிச்சுப் போச்சுங்க, நாளைக்கே போய்ப் பேரை எடுத்துடறேன்” என்றாள். எடு என்றும் சொல்ல மனசில்லை, இரு என்றும் சொல்லத் தெரியவில்லை. “உன் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேளேன்” என்றேன். என் வாயில் நானே மண்ணள்ளிப் போட்டுக்கொண்டது அன்றைக்குத்தான்.

நாலு பக்கம் எழுதினாய் பார், அந்த மகா கடிதம்! நகலெடுக்காதே, புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் இருப்பதைச் சொந்த வார்த்தையில் எழுது. தாளை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் குறிப்பு. இருபத்தைந்து நிமிடம் படி, ஐந்து நிமிடம் ஓய்வு. எல்லாவற்றுக்கும் மேலாக, படித்ததை ‘ஒன்றும் தெரியாத ஒருவருக்கு’ விளக்கிச் சொல். இந்த வரியைப் படித்துவிட்டு உன் அக்கா தலையைத் தூக்கினாள். ஜன்னலைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். பார்வை அங்கேயே நின்றுவிட்டது.

அன்று பிடித்தது சனி. மணி அடித்தால் படிப்பு, மணி அடித்தால் ஓய்வு. ஓய்வு என்றால் ஓய்வு. அடுப்பில் பால் பொங்கினாலும் எழுந்திருக்க மாட்டாள், “இன்னும் ரெண்டு நிமிஷம் பாக்கி இருக்குங்க” என்பாள். வீடெங்கும் கேள்விச் சீட்டு. கண்ணாடியில், கதவில், இஸ்திரி மேசையில். வங்கி மேனேஜர் கொடுத்திருந்த பேன்ட்டை அந்த மேசையில் வைத்துத் தேய்த்து மடித்துக் கொடுத்தேன். மறுநாள் மனிதர் அதைப் போட்டுக்கொண்டு அரை நாள் வங்கி முழுக்க நடந்திருக்கிறார். காவலாளிதான் கடைசியில் காதோடு சொன்னானாம். நேரே கடைக்கு வந்து, தன் பின்புறத்திலிருந்து எடுத்த சீட்டை என் மேசையில் அறைந்து வைத்தார். ‘இதன் பணி என்ன? மூன்று வரிகளில் விளக்குக.’ நான் பூமி பிளக்காதா என்று நிற்கிறேன், உன் அக்கா உள்ளேயிருந்து ஓடிவந்து, “அட, இதைத்தான் ரெண்டு நாளா தேடறேன்! இது மண்ணீரலுக்கு எழுதினது சார்” என்றாள். அவர் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். “மண்ணீரலா?” என்று கேட்டுத் தொலைத்தார். கால் மணி நேரம் நிற்கவைத்து விளக்கிவிட்டாள். அந்தப் பேன்ட்டை அவர் அப்புறம் போட்டு நான் பார்க்கவில்லை.

என் கதை அதைவிட மோசம். ஒருவருக்குக் கழுத்துப்பட்டி வெட்டிக்கொண்டிருக்கிறேன், எதிரே நின்று சிறுகுடல் ஆறு மீட்டர் என்கிறாள். ஆறு மீட்டரில் ரெண்டு சட்டையும் ஒரு பேன்ட்டும் தைக்கலாமே என்று மனசு கணக்குப் போட, கத்தரி அதன் போக்கில் போய்விட்டது. இன்னொரு நாள், வலது சிறுநீரகம் இடதைவிடக் கொஞ்சம் கீழே இருக்கும் என்றாள். தையற்காரன் காதில் விழுகிற பேச்சா அது?

“ஏன் ஏத்தமிறக்கமா இருக்கு?” என்றேன்.

“அப்படித்தான் இருக்கும். புத்தகத்துல போட்டிருக்கு.”

“புத்தகத்துல போட்டா ஆச்சா? சட்டையில ஒரு பாக்கெட்டை நான் கீழ வெச்சா ஏன்னு கேக்க மாட்டாங்களா?”

“உங்ககிட்ட போய்ச் சொன்னேன் பாருங்க!” என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவள், ஒரு மணி நேரம் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். திரும்பி வந்தபோது முகம் விளக்கேற்றின மாதிரி இருந்தது. “வலது பக்கம் மேல கல்லீரல் இடத்தை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்குங்க. அதான்!” என்றாள். எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார், என்னமோ ஏதோ என்று.

எனக்கும் வேலை இருக்கிறதா இல்லையா? போன வாரம் பொறுக்க முடியாமல், “சுவத்தைப் பார்த்துச் சொல்லிக்கோயேன்” என்று கத்தினேன். “சுவரு கேள்வி கேக்காதுங்களே” என்றாள், சாதாரணமாக.

நேற்று இரண்டாம் தேர்வின் விடைத்தாள் வந்தது. ஐம்பதுக்கு நாற்பத்தொன்று. மேசையில் விரித்து வைத்து, தாளின் ஓரத்தை நகத்தால் தடவிக்கொண்டே நின்றாள். நான் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள், “பித்தப்பையில போச்சு நாலு மார்க். அன்னைக்கு நீங்க அதுல ஒண்ணுமே கேக்கலை. கேட்டிருந்தா படிச்சிருப்பேன்ல?” என்கிறாள்! போன மார்க்குக்கு நான் பொறுப்பு. வந்த நாற்பத்தொன்றில் எனக்குப் பங்கு உண்டா? மூச்சு விடவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, நீ கட்டிய முடிச்சை நீயே அவிழ். இந்தக் கடிதம் கண்டவுடன் உன் அக்காவுக்கு எழுது: கேட்கிற ஆளை அடிக்கடி மாற்ற வேண்டும், புருஷனுக்குச் சொல்லும் பாடம் மனதில் நிற்காது என்று ஏதாவது சொல். என் கடையில் எனக்கு மெஷின் சத்தம் மட்டும் போதும்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசி. அவர்கள் நன்றாகப் படிக்கட்டும், ஆனால் வேறொருவர் காதில் படிக்கட்டும். தங்கைக்கு என் அன்பு.

இப்படிக்கு,
நொந்துபோன அத்தான்

பி.கு: உறையை ஒட்டும் நேரத்தில் உன் அக்கா வந்தாள். திங்கட்கிழமை முதல், கூடப் படிக்கிற ஒரு நர்ஸம்மாவோடு நூலகத்தில் உட்கார்ந்து படிக்கப் போகிறாளாம். “உங்களுக்கு இனிமே தொந்தரவு இல்லைங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற அம்மாள், எல்லாம் தெரிந்தவர், என்ன கேள்வி கேட்கப் போகிறார்? தலையை ஆட்டுவார். மேலே எழுதியதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். படிக்கிற இடத்தை மாற்றவே கூடாது என்று உடனே அவளுக்கு எழுது. நான் சொன்னதாக மூச்சு விடாதே. காதுக்குள்ளே மூன்று குட்டி எலும்பு இருக்கிறதாம், முந்தாநாள் மணி அடித்ததும் அதோடு நிறுத்திவிட்டாள். அந்த மூன்றும் அங்கே என்னதான் செய்கின்றன?