பூட்ஸ் சாரின் டெல்லி கிராண்ட்

வேட்டிக்குக் கீழே பட்டாளத்து பூட்ஸ் மாட்டி, அந்த பூட்ஸுக்குள் தண்ணீரையும் ஊற்றிக்கொண்டு பாடம் நடத்திய வாத்தியார் யாராவது உங்களுக்கு வாய்த்ததுண்டா? எங்களுக்கு வாய்த்தார். தாமிரபரணித் தண்ணீரைக் குடித்தவர்கள் கோடி, குளித்தவர்கள் கோடி. காலில் மாட்டிக்கொண்டு நடந்தவர் உலகத்திலேயே எங்கள் பூட்ஸ் சார் ஒருவர்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பாளையங்கோட்டையில் ஒரு காலேஜ். சார் அங்கே நுண்ணுயிரியல் வாத்தியார், எங்கள் ஹாஸ்டலுக்கு வார்டனும்கூட. வராந்தாவில் 'சளக் சளக்' என்று கேட்டால் சீட்டுக்கட்டு தலையணைக்குள் போய், புத்தகம் மடிக்கு வந்துவிடும். இவ்வளவு நேர்மையாக முன்னறிவிப்பு கொடுத்த வார்டன் வேறெங்கும் இருந்திருக்க மாட்டார்.

எல்லாம் ஒரு கல்யாணத்தில் ஆரம்பித்தது. சாரின் பழைய மாணவன் ஒருவன் பட்டாளத்தில் சேர்ந்து, அஸ்ஸாம் மழையில் ஈர பூட்ஸோடு கிடந்துவிட்டு, தாலி கட்ட லீவில் வந்தான். விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். அக்கினியைச் சுற்றும்போது மாப்பிள்ளை நொண்ட, பொண்ணு கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள். சார் பந்தியில் உட்காராமலேயே திரும்பிவிட்டார். "குண்டு படாம வந்த பய, பூட்ஸு போட்டே நொண்டுதான் வே" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினார். புலம்பி முடித்ததும் ஸ்டவ் பற்றவைத்து ஒரு களிம்பு கிண்டினார். சோதிக்கப் புண் வேண்டுமே? தன் காலையே ஊறப்போட்டார். அதுதான் அந்த 'சளக்'.

சிப்பாய்களின் உடல்நலத்துக்கான ஆராய்ச்சிக்கு டெல்லி சர்க்கார் கிராண்ட் பணம் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டார். இல்லை என்றார்கள். மறுபடி போட்டார். மறுபடியும் இல்லை. கடைசியில் இரக்கப்பட்டு ஒரு பதில் வந்தது: உங்கள் ஒருவர் கால் போதாது, பல கால்களில் நிரூபியுங்கள், ஆள் அனுப்பிப் பார்க்கிறோம். இந்த முறையும் கிராண்ட் வராவிட்டால் ஸ்டவ்வை அணைத்துவிட வேண்டியதுதான் என்று காலேஜ் நிர்வாகமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

கால்களுக்கா பஞ்சம்? ஹாஸ்டல் முழுக்கச் சும்மாதான் கிடந்தன. முடிந்ததும் பரோட்டா சால்னா என்றார் சார். கால்கள் வரிசையில் வந்து நின்றன. பேட்டைப் பழைய சாமான் கடையிலிருந்து மூட்டையாக பூட்ஸ் வந்தது. எனக்குக் கிடைத்த இரண்டும் இடது கால். ஒரே வாரத்தில் காலேஜே சளக் சளக் என்றது. அடுத்த வாரம் காலேஜே சொறிந்தது.

பிறகு ஆளுக்கொரு டப்பா கொடுத்தார். பாதிப் பேருக்கு மருந்து சேர்த்த களிம்பு. மீதிப் பேருக்கு அதே நிறம், அதே வாசனை, மருந்து மட்டும் கிடையாது. முதல் கூட்டத்துக்கு ஆற வேண்டும், இரண்டாம் கூட்டத்துக்கு ஆறக்கூடாது. அப்போதுதான் டெல்லி நம்பும். அவர்கள் பார்த்துவிட்டுப் போன அடுத்த நிமிஷம் எல்லோருக்கும் நல்ல மருந்து. அதுவரை யாரும் அடுத்தவன் டப்பாவைத் தொடக்கூடாது என்று கட்டளை. யாரிடம் சொல்கிறார்? இருக்கிற ஒரே நல்ல சட்டையை முறைவைத்துப் போட்டுக்கொண்டு சினிமாவுக்குப் போகிற கூட்டத்திடம்.

டெல்லியிலிருந்து ஒரு மிலிட்டரி டாக்டரும் ஃபைலோடு ஓர் அதிகாரியும் வந்தார்கள். மெஸ் ஹாலில் பெஞ்சு மேல் காலை நீட்டி உட்கார்ந்தோம். முதல் வரிசைக் கால்கள் புளி போட்டு விளக்கிய வெண்கலம் மாதிரி இருந்தன. சார் முகத்தில் கல்யாணக் களை. இரண்டாம் வரிசைக்குப் போனார். அங்கேயும் வெண்கலம். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மருந்து போட்டாலும் ஆறுகிறது, போடாவிட்டாலும் ஆறுகிறது, அப்புறம் உங்கள் மருந்து எதற்கு என்று டாக்டர் இங்கிலீஷில் கேட்டார்.

சார் பைய எங்கள் பக்கம் திரும்பினார். "ஏலே, என்னலே செஞ்சிய?"

மெஸ் செக்ரட்டரி சுடலை எழுந்தான். "பாதிப் பேருக்கு ஆறுது சார். மிச்சப் பேரு ராவெல்லாம் சொறிஞ்சிக்கிட்டுக் கெடக்கானுவ. பாத்துக்கிட்டு எப்படி சார் தூங்க? அதான், எல்லா டப்பாவையும் சாம்பார் வாளியில கொட்டிக் கலக்கி, ஆளுக்கு ஒரு கரண்டி பங்கு வச்சிட்டோம்."

"சாம்பார் வாளியிலயா?"

"கழுவிட்டுத்தான் சார்."

"களிம்பு போட முந்தியா, பெறவா?"

"முந்தி, சார்."

அந்த வாரச் சாம்பாரை எல்லோரும் நினைத்துப் பார்த்தோம்.

சார் டெல்லிக்காரர்களிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. பையன்கள் மேல் பழியும் போடவில்லை. சோதனை கெட்டுவிட்டது, தப்பு என்னுடையது என்றார். அப்புறம் டாக்டரைப் பார்த்து, மலை மேல் உங்கள் சிப்பாய்களில் பாதிப் பேருக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பாருங்கள், அவர்களும் இதைத்தான் செய்வார்கள் என்றார். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அதிகாரி ஃபைலை மூடினார். கிராண்ட் வரவில்லை. ஸ்டவ்வும் அணைந்தது.

அன்று சாயங்காலம் சொன்னபடி பரோட்டா வந்தது. ஒருவனும் கை வைக்கவில்லை. சுடலை மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். சார் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சால்னாவை ஊற்றினார். "கால் ஆறிட்டுல்லா. தின்னுலே."

இப்போது சார் ரிட்டயர் ஆகிக் கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறார். சர்க்கரை வந்துவிட்டது. பாதத்தில் உணர்ச்சி இல்லை, புண் வந்தாலும் அவருக்குத் தெரியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒருவர் மாற்றி ஒருவராகப் போய், விரலிடுக்கெல்லாம் விரித்துப் பார்த்துவிட்டு வருகிறோம். இந்த வாரம் என் முறை.