வெளி வீதிப் புத்தகம்

பிள்ளைகளுக்கு எந்தக் கதைப் புத்தகம் ஆகும், எது ஆகாது என்று அறிந்த மனிதர் மதுரை நகரம் முழுவதிலும் ஒருவர்தான் இருந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊர் அவரை ஜட்கா ராவுத்தர் என்று அழைத்தது.

நான் அப்போது மிஷன் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த உபாத்தியாயன். ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்குக் கதைப் புத்தகங்கள் வாங்கி ஒரு கண்ணாடி பீரோவை நிரப்பும் பொறுப்பை ஹெட்மாஸ்டர் என்னிடம் கொடுத்தார். பக்கத்துக்கு இரண்டு நீதி இருக்கும்படி பார்த்துப் பார்த்து வாங்கினேன். ஒரு பையன்கூட பீரோப் பக்கம் திரும்பவில்லை.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் பீரோ டிரில் மாஸ்டருக்கு. டம்பெல் வைக்க இடமில்லாமல் தவிக்கிறார்" என்றார் ஹெட்மாஸ்டர்.

மாலையில் ஆறு பையன்களோடு நானும் ராவுத்தர் ஓட்டும் ஜட்கா குதிரை வண்டியில்தான் வீடு திரும்புவேன். என் துக்கத்தைக் கேட்டவர், "இங்கன வாசிங்க வாத்தியாரே, பாப்பம்" என்றார்.

அவர் முறை எளியது. பையன்கள் தத்தம் வீட்டு வாசலில் இறங்கிவிட்டால் புத்தகம் தோற்றது. "அண்ணே, இன்னொரு சுத்து" என்றால் தேறியது. கோயிலை ஒட்டிய சித்திரை வீதியைச் சுற்ற வைத்தால் சுமார். அதைவிடப் பெரிய மாசி வீதியைச் சுற்ற வைத்தால் நல்ல புத்தகம். எல்லாவற்றுக்கும் வெளியே இருக்கும் வெளி வீதியையே சுற்ற வைத்துவிட்டால், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

நீதிப் புத்தகத்தைப் பிரித்தேன். இரண்டாம் பக்கத்தில் மூன்று பேர் இறங்கிவிட்டார்கள். அதில் ஒருவனுக்கு அந்தத் தெருவில் வீடே கிடையாது.

"விடுங்க, குதிரையே தூங்கிருச்சு" என்றார் ராவுத்தர்.

புதுமண்டபத்துப் புத்தகக் கடையில் மந்திரக் கதை ஒன்றை மாதிரிக்கு இரவல் வாங்கி வந்தேன். இளவரசன் பறக்கும் குதிரையில் ஏழு கடல் தாண்டினான். ராவுத்தர் வண்டியை நிறுத்திவிட்டார்.

"அம்புட்டுத் தூரம் வந்துச்சே, தண்ணி காட்டுனானா?"

"அது மந்திரக் குதிரை, ராவுத்தரே."

"பறக்கட்டும், அதுக்கென்ன. பறந்தா தவிக்காதா? இவன் ராசா மகனில்ல, களவாணிப் பய. வேணாம் இந்தப் புத்தகம்."

பையன்களும் தலையாட்டினார்கள். அன்றிலிருந்து குதிரைக்குக் கொள்ளு வைக்காத வீரன் எவனும் எங்கள் பீரோவுக்குள் நுழைந்ததில்லை.

துப்பறியும் கதை என்றால் இன்னும் கறார். நாலு தெருத் திருப்பத்துக்குள் திருடன் யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டால் தள்ளுபடி. ஒருநாள், கதையில் ஒருவன் பாழுங்கிணற்றுக்குள் கயிறு கட்டி இறங்கும் கட்டத்தில், மேல மாசி வீதி நடுவில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் வரிசையாக மாட்டு வண்டிகள். சிவப்புத் தலைப்பாகைப் போலீஸ்காரர் ஓடி வந்தார்.

"எடுய்யா வண்டிய."

"சும்மா இருங்க ஏட்டையா, ஆளு கெணத்துக்குள்ள இருக்கான்."

"எந்தக் கெணறு?"

"வாத்தியாரு இன்னும் சொல்லல."

கயிறு அறுந்த பிறகுதான் போலீஸ்காரர் எங்களைப் போக விட்டார்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு ஹெட்மாஸ்டர் பீரோவைத் திறந்தார். கீழ்த்தட்டில் என் நீதிப் புத்தகங்கள் மட்டும் உறங்கின. மற்றத் தட்டுகள் காலி.

"மற்றதெல்லாம் எங்கே ஐயா, விற்றுவிட்டீரா?"

"பையன்களிடம் இருக்கின்றன, சார்" என்று பதிவேட்டை நீட்டினேன். ஒவ்வொரு புத்தகத்துக்கும் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். டம்பெல் வராந்தாவிலேயே கிடந்தது. "தேர்ந்தெடுத்தவர் பெயரைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடும்" என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டுப் போனார். என் பெயரை எழுதப் பேனா வரவில்லை.

மாலையில் பதிவேட்டோடு வண்டியில் ஏறி, "உங்க பேரச் சொல்லுங்க, எழுதணும்" என்றேன்.

"ராவுத்தருன்னு போட்டாப் போதும். குதிரையும் கூடச் சுத்துச்சுல்ல, அதையும் சேத்துக்கங்க."

எழுதி, உரக்க வாசித்துக் காட்டினேன்: "புத்தகங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள், ஜட்கா ராவுத்தரும் அவர் குதிரையும்."

ராவுத்தர், சரியாக இருந்த கடிவாளத்தை மறுபடி சரிசெய்தார்.

"இன்னொருக்கா வாசிங்க வாத்தியாரே."

வாசித்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்துக் கற்றவன் நான். கற்ற எழுத்தை அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு ஆசையாக யாருக்கும் வாசித்ததில்லை.