மின்னல் சித்தரின் செப்புத் தகடு

பதுளையிலிருந்து பண்டாரவளை வரை ஒரே பேச்சு, மின்னல் சித்தர் வந்திருக்கிறார் என்று. பெட்ரோல் வரிசையில் நாள்கணக்காக நின்று பழகிய சனத்துக்கு, நிற்க இன்னொரு வரிசை கிடைத்துவிட்டது. சித்தர் மந்திரித்த செப்புத் தகட்டை பேட்டரி ஓட்டோவின் சீட்டுக்கடியில் வைத்தால், ஓட ஓடச் சார்ஜ் ஏறுமாம். அப்பேர்ப்பட்ட மகான் மட்டும் டீசல் வேனில் கரும்புகை விட்டபடி வந்து இறங்கினார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சாமி குத்தமாயிற்றே.

நிபந்தனை இரண்டு. தகடு வாங்குகிறவர் தன் சார்ஜரைக் காணிக்கையாகக் கொடுத்துவிட வேண்டும். மேடு ஏறும்போது சார்ஜ் காட்டும் மீட்டரைச் சிவப்புத் துணியால் மூட வேண்டும். அப்போது சக்தி ஓய்வெடுக்குமாம். ஏற்கெனவே ஒரு சாக்கு நிறையச் சார்ஜர்கள் வேனில் கிடந்தன.

தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவில் ஓட்டோ ஓட்டும் வீரய்யாவுக்கு இரண்டும் நியாயமாகவே பட்டன. பேட்டரி வண்டி வாங்கி இன்னும் மாதம் ஆகவில்லை. குடியிருக்கும் லயத்து வீட்டுக்குப் பின்னால் ஓடைத் தண்ணீரில் சுழலும் சக்கரம் தரும் கரண்டில்தான் சார்ஜ் போடுகிறார். மழை குறைந்தால் அதுவும் குறையும். தகடு இருந்தால் அந்தக் கவலையே இல்லை என்று மனைவி தனுஜாவிடம் சொன்னார்.

"சார்ஜரக் குடுத்துட்டுத் தகடு வேல செய்யலன்னா? வாரத்துக்கு ரெண்டு தடவ ஒங்க அக்காவுக்கு ஆஸ்பத்திரில ரத்தம் சுத்தம் பண்ணணும். யாரு தூக்கிட்டுப் போறது?"

வீரய்யாவின் முகம் வாடியது. அக்கா பாக்கியலெட்சுமிக்கு அந்த ஓட்டோவை விட்டால் வேறு வழியில்லை. ஆனாலும் ஊரே நம்பும்போது தான் மட்டும் நம்பாமல் இருக்க அவருக்குப் பயம்.

"சரி, மொதல்ல ஓட்டிப் பாப்போம். நானும் வாறேன்" என்றாள் தனுஜா, கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு.

சித்தரிடம் தகட்டைச் சோதனைக்கு வாங்கிக்கொண்டு, அவர் சொன்னபடி பாதிக்குச் சற்று மேலான சார்ஜோடு மேற்பிரிவிலிருந்து கிளம்பினார்கள். மேற்பிரிவுக் கங்காணி மீட்டரைப் பார்த்து, 61 சதவீதம் என்று கீழே போன் பண்ணினார். கீழே பெருவீதிச் சந்தியில் சித்தரும் சனமும் காத்திருந்தார்கள். வண்டி வந்து நின்றது. மீட்டரில் 64.

சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வீரய்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சித்தர் கையை உயர்த்தினார். "பாத்தீங்களா, தகட்டோட மகிமைய. சார்ஜரக் கொண்டாப்பா."

தனுஜா கூடைக்குள் கையை விட்டுத் தகட்டை எடுத்தாள். "தகடு மேல கெளம்புறப்பவே என் கூடைக்கு வந்திருச்சுங்க சாமி. சீட்டுக்கடியில கெடக்கிறது பிஸ்கட் டின் மூடி."

சித்தர் உயர்த்திய கையை இறக்கி, வேன் பக்கம் ஓரடி நகர்ந்தார்.

"நம்ம ஓடையில தண்ணி எறங்குறப்ப சக்கரத்தச் சுத்துதுல்ல, கரண்டு வருதுல்ல? அதே மாதிரி வண்டி எறங்குறப்ப வீல் மோட்டாரச் சுத்துது, சார்ஜ் ஏறுது. நாம எப்பவும் முழுச் சார்ஜோட எறங்குவோம், நெறஞ்ச கொடத்துல எங்கிட்டு ஏறும்? அதான் பாதியோட வரச் சொன்னாரு. இப்பத் தகட்டச் சீட்டுக்கடியில வச்சே மேல ஏறுவோம், கொறையுறத மறைக்கிற துணி வேணாம். சாமி, நீங்களும் ஏறுங்க."

சாமி ஓட்டோவில் ஏறவில்லை. வேனில் ஏறப் பார்த்தார். சாவியைச் சனம் பிடுங்கிக்கொண்டது. வீரய்யா தகட்டோடு தனியாக மேலே போனார். கொஞ்ச நேரத்தில் கங்காணியின் போன் வந்தது: "அம்பத்திரண்டுங்க."

சனம் சாக்கைப் பிரித்து ஆளுக்கொரு சார்ஜரைத் தேடியெடுத்தது. எல்லார் முகத்திலும் அசடு வழிந்தது. கும்பிட்ட கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒருவர் தனுஜாவைக் கும்பிட வந்தார்.

"என்னையும் கும்பிட்டுத் தொலைக்காதீங்க" என்றாள் அவள். "வண்டி எறங்குனா சார்ஜ் ஏறும். நாம இப்பிடி எறங்கி எறங்கிக் கும்பிட்டா, கண்டவனும் நம்ம தலையிலதான் ஏறுவான். தலைய அவனுக்குப் படிக்கட்டாக் குடுக்காம, யோசிக்கிறதுக்கு வச்சுக்கங்க."